தாளைத்தான் உரிக்க வேண்டும்

2019 அக்டோபர் 17, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம், விடாத தூறல். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே வரிசையாக இருந்த நீல நாற்காலிகளில் ஒன்றில் அமர்ந்து, அக்கா அந்தப் படிவத்தை மூன்றாம் முறையாகப் படித்து முடித்தாள். எழுந்துபோய்ச் செவிலியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“வயசு தப்பா இருக்கு. அம்பத்திரெண்டுன்னு போட்டிருக்கீங்க. அவனுக்கு அம்பத்தொண்ணுதான். வர்ற வியாழக்கிழமதான் அம்பத்திரெண்டு.”

செவிலி படிவத்தைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். கணினியில் திருத்திப் புதிதாக ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தாள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பதாண்டுகளாக ஆவணங்களைச் சரிபார்த்து வந்த அக்காவுக்கு, பிழையுள்ள தாளைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். பிழையில்லாத தாள் கைக்கு வந்தபின் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

படிவம் கேட்டது ஒன்றை மட்டுமே. உள்ளே கிடந்த தம்பிக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தலாம், அல்லது தொடரலாம். இரண்டு கட்டங்களில் ஒன்றில் குறியிட்டு நெருங்கிய உறவினர் கையொப்பமிட வேண்டும். அவனுக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை. பெற்றவர்கள் போய்ப் பல ஆண்டுகள் ஆயின. நெருங்கிய உறவினர் என்ற இரு சொற்களுக்குள் அக்கா ஒருத்திதான் இருந்தாள்.

மூளைக்குள் ரத்தம் பரவிவிட்டது என்பதையும், இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்பதையும், இனி அவன் கண் திறக்கப்போவதில்லை என்பதையும் மருத்துவர் முந்தின நாளே சொல்லியிருந்தார். வயதில் சிறியவர். இன்று வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இந்த மாதிரி நெலம வந்தா என்ன செய்யணும்னு அவர் எப்பவாவது சொல்லியிருக்காரா அம்மா? எழுதி ஏதாவது வெச்சிருக்காரா?”

தம்பி சொல்கிறவன் அல்லன். ஆனால் எழுதி வைக்கிறவன். அக்கா படிவத்தை நான்காக மடிக்காமல் ஒரு கோப்புறைக்குள் வைத்துக்கொண்டு, மாலை ஐந்து மணிக்குள் வந்துவிடுவதாகச் சொன்னாள்.

கீழே ஸ்பானர் காத்திருந்தார். தம்பியோடு இருபதாண்டுகளாக லிஃப்ட் பழுது பார்த்தவர். இந்தப் பெயரை வைத்ததே தம்பிதான். செவ்வாய்க்கிழமை அவன் வேலைக்கு வராததால் பூட்டை உடைத்து உள்ளே போய், மேசைக்கருகே விழுந்து கிடந்தவனைத் தூக்கி வந்தவரும் இவரே. அக்காவைத் தம் வேனில் ஏற்றிக்கொண்டு தம்பியின் அறைக்கு ஓட்டினார். இரண்டு தெருக்கள் தாண்டியதும் சொன்னார்:

“அக்கா, ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னுபோச்சுன்னா, மேல ஏத்த முடியலன்னாலும் பிரேக்கக் கையால தளத்திக் கீழ எறக்கிடுவோம். ஆள நடுவுல விட்டுட்டு டீ குடிக்கப் போக மாட்டோம்.”

அக்கா கண்ணாடியில் வழிந்த நீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்பா ஏதும் சொல்லிட்டேனா?”

“இல்ல. ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

லிஃப்ட் பழுது பார்ப்பவன் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி ஏறி, ஸ்பானர் புதிதாகப் போட்ட பூட்டைத் திறந்தார்கள். ஒற்றை அறை. அக்கா இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாவற்றின் மேலும் அவனுடைய நிமிர்ந்த கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது: “மின்கட்டணம்”, “மருந்துச் சீட்டு”, “திருகாணி - சிறியது”, “திருகாணி - எதற்கென்று தெரியவில்லை”. மூன்று மணி நேரம் தேடினாள். உயிரைப் பற்றி எங்கும் ஒரு வரியும் இல்லை.

சன்னலருகே இருந்த மேசை மட்டும் மிச்சம். அதில் திங்கட்கிழமை மாலை அப்படியே நின்றுபோயிருந்தது. தபால்தலை இருந்த மூலையை மட்டும் வெட்டியெடுத்த கடித உறைத் துண்டுகள் ஒரு தகர டப்பாவில், இடுக்கி, முகப் பவுடர், ஓவியத் தூரிகை, சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவம். இந்தத் திரவத்தை முதன்முதலில் பார்த்த நாளில், இந்த வயதில் இந்தப் பழக்கமா என்று அக்கா அவனை அரைமணி நேரம் திட்டினாள். அவன் முழுவதையும் கேட்டு முடித்தான். பிறகு ஒரு துண்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகில் இரண்டு சொட்டு விட்டு, பசை இளகித் தாள் கழல்வதைக் காட்டினான்.

அது வெந்நீருக்குப் பிந்திய காலம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் தம்பி லிஃப்ட் குழிக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டபோது, அக்கா மூன்று வாரம் இங்கே வந்து தங்கினாள். அவன் உறங்கிய ஒரு பிற்பகலில், கண் விழித்ததும் மகிழட்டும் என்று நூற்று நாற்பது துண்டுகளை வாளி வெந்நீரில் போட்டாள். சிறு வயதில் இருவரும் அப்படித்தான் செய்வார்கள். தபால்தலைகள் தாமாகவே கழன்று மிதக்கும். ஆனால் இவை நாக்கில் நனைத்து ஒட்டிய பழைய வகை அல்ல. ஸ்டிக்கரைப் போலத் தாமே ஒட்டிக்கொள்ளும் புதிய வகை. பசை தண்ணீருக்குக் கரையவில்லை. கழற்றப் பார்த்தபோது படம் ஒரு தோலாகவும் பசை ஒரு தோலாகவும் பிரிந்து சுருண்டன.

தம்பி ஊன்றுகோலில் வந்து வாளியை எட்டிப் பார்த்தான்.

“வெந்நீரா, பச்சத் தண்ணியா?”

“வெந்நீர்.”

“சரி. பச்சத் தண்ணின்னாலும் இதே கதிதான்.”

அவ்வளவுதான். அதன் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் அக்கா மன்னிப்புக் கேட்டிருப்பாள்.

மேசைக்கு மேலே சுவரில் ஓர் அட்டை தொங்கியது. பல முறை கண்ணில் பட்டதுதான். மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் வரும்போது படிக்கும் கண்ணாடியை அவள் எடுத்து வருவதில்லை என்பதால் என்னவென்று பார்த்ததில்லை. இன்று கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது.

“முதுகை நனை. படம் தாளுக்குப் பின்னால் தெரியும்வரை காத்திரு. தாளிலிருந்து தபால்தலையை உரிக்காதே. தபால்தலையிலிருந்து தாளைத்தான் உரிக்க வேண்டும். இழுக்காதே. வராவிட்டால் மறுபடி நனை. அப்போதும் வராவிட்டால் விட்டுவிடு. பசையின் மேல் பவுடர் போடு. வெந்நீர் வேண்டாம்.”

கடைசி வாக்கியத்தின் கீழ் இரண்டு கோடுகள்.

தனக்குத் தெரிந்ததைத் தனக்கே எழுதி மாட்டுவதற்குத் தனியாகக் குடியிருப்பவனுக்குத் தேவையில்லை. மேலும், அட்டை இருந்தது நாற்காலிக்கு நேராக அல்ல. பக்கத்து முக்காலிக்கு நேராக. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா உட்காரும் முக்காலி அது.

அவள் அதிலேயே உட்கார்ந்தாள். கடைசியாக அவன் கையில் இருந்த துண்டு மேசை விளிம்பில் கிடந்தது: ஒரு கலங்கரை விளக்கம். தாள் பாதிவரை உரிந்திருந்தது. உரிந்த பாதி கோணலாக மடிந்து மறுபடி பசையில் ஒட்டியிருந்தது. அக்கா அதைக் கவிழ்த்துத் திரவத்தைச் சொட்டினாள். தாள் எண்ணெய்க் காகிதம்போல ஆனது. கலங்கரை விளக்கம் பின்புறமாகத் தெரிந்தது. விரலால் பற்றினாள். கை பழக்கத்தில் இழுத்துவிட்டது. மூலையில் ஒரு மயிரிழை வெடிப்பு விழுந்தது.

கையை எடுத்துவிட்டு மறுபடி நனைத்தாள்.

“மணி நாலாகப்போகுது அக்கா,” என்றார் வாசலில் நின்ற ஸ்பானர்.

“இருங்க. இழுக்கக் கூடாதாம்.”

தூறல் சன்னல் கம்பியில் சேர்ந்து, கனத்து, விழுந்தது. அவள் தாளைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓரத்தைப் பின்புறமாக மடித்தபோது, தாள் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தன் போக்கில் நழுவி வந்தது. பசையின் மேல் பவுடரைத் தூவித் தூரிகையால் தட்டினாள். அழுத்தி வைப்பதற்காக, மேசை ஓரத்து அடுக்கில் மேலே இருந்த தபால்தலை ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

அந்தப் பக்கத்தில் ஏழு தபால்தலைகள் இருந்தன. சாயம் ஓடியவை, தோல் பிரிந்தவை, ஒன்றுக்குப் பாதி முகமே இல்லை. ஒவ்வொன்றையும் நிமிர்த்தி, உலர்த்தி, தனித்தனிக் கண்ணாடித்தாள் பைக்குள் நேர்கோட்டில் வைத்திருந்தான். மற்றப் பக்கங்களில் நாட்டின் பெயரும் ஆண்டும் எழுதும் இடத்தில், இங்கே “அக்கா, வெந்நீர்” என்றும் அன்றைய தேதியும் இருந்தன.

அவள் கலங்கரை விளக்கத்தை எட்டாவதாக வைத்து ஆல்பத்தை மூடினாள்.

ஸ்பானர் வேனை மருத்துவமனைக்குத் திருப்பினார். நான்கு ஐம்பதுக்கு மருத்துவர் பிரிவின் வாசலிலேயே நின்றிருந்தார். எழுதி ஏதாவது கிடைத்ததா என்று கேட்டார்.

“இதப்பத்தி எதுவும் எழுதல,” என்றாள் அக்கா.

உள்ளே போனாள். தம்பியின் நெஞ்சு இயந்திரத்தின் கணக்குக்கு ஏறி இறங்கியது. வாய்க்குள் போன குழாய் அசையாமலிருக்க, இரு கன்னங்களிலும் அகலமான பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நான்கு நாள் தாடி அதன் விளிம்பில் சிக்கியிருந்தது. அவள் அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இத எடுக்கும்போது எப்படி எடுப்பீங்க?”

“எண்ணெ தடவி, ஊற விட்டு, மெதுவாத்தான் அம்மா எடுப்போம்,” என்றாள் செவிலி.

“இழுக்க மாட்டீங்களே?”

“மாட்டோம்.”

“அவசரம் ஒண்ணும் இல்ல.”

கோப்புறையைத் திறந்து, கட்டிலின் கால்மாட்டுப் பலகையிலேயே படிவத்தை வைத்தாள். நிறுத்தலாம் என்ற கட்டத்தில் குறியிட்டாள். முழுப்பெயரையும் உறவையும் தேதியையும் எழுதினாள், கையொப்பமிட்டாள், ஒரு முறை படித்துப் பார்த்தாள். பிழை எதுவும் இல்லை.

செவிலி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். தாளின் ஓரத்தில், அக்கா பிடித்திருந்த இடத்தில், வெள்ளைப் பவுடரில் ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. செவிலி அதை ஊதப் போனாள். பிறகு ஊதாமல் அப்படியே எடுத்துச் சென்றாள்.