தனபாலன் அறிந்த ஒரு வரி

கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்த நாற்காலி அது. கலியாணசுந்தரம் அதில் உட்கார்ந்ததும் முழங்கால்கள் மார்புக்கு வந்துவிட்டன. குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் குறுக்காகப் போட்டுக்கொண்டார். பள்ளி விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். மேசைக்கு அந்தப் பக்கம், செவ்வாயும் வியாழனும் தமிழ் வகுப்பு நடத்தும் கமலவேணி டீச்சர் ஒரு நோட்டுப்புத்தகத்தைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தார்.

"ஒங்க மக விஜயா நல்லா படிக்கிற பிள்ள சார். அதனாலதான் கூப்பிட்டேன். மத்ததுங்க எல்லாம் அவ பின்னாலதான் போகுதுங்க."

"என்ன செஞ்சுட்டா?"

"மீனாச்சின்னு ஒரு பிள்ள. ஒங்க மக வகுப்புதான். கம்போங் செட்டியில வீடு. தலைமுறை தலைமுறையா இங்க இருக்கறவங்க, வீட்ல மலாய்தான். ஆனா அவங்க அப்பாவே நேர்ல வந்து, எம்மக தமிழ் படிக்கணும்னு சேத்துவிட்டாரு. அஞ்சே மாசத்துல எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிருச்சு. இப்ப மூணு வாரமா என் வகுப்புக்கு வரல. இந்த வாரம் இஸ்கூலுக்கே வரல."

அந்த அப்பா யார் என்று கலியாணசுந்தரத்துக்குத் தெரியும். தண்ணீர் இலாகாவில் ஆறு வருடமாக அவருக்குப் பக்கத்து மேசையில் வரைபடம் போடும் தனபாலன்தான். அதை அவர் சொல்லவில்லை.

"அடிச்சாளா?"

"அடிச்சிருந்தா பெரிய டீச்சர் பாத்துக்குவாங்க. இது வாய் சார். கயிறு தாண்டறப்ப ஒரு வரி சொல்லுதுங்க. அந்தப் பிள்ள நடந்து வந்தா சொல்லுதுங்க. தண்ணி குடிக்கப் போனா சொல்லுதுங்க. எனக்கு வாயால சொல்லக் கூச்சமா இருக்கு. எழுதி வச்சிருக்கேன்."

நோட்டை அவர் பக்கமாகத் திருப்பினார். பக்கத்தின் நடுவில், பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுவதுபோல் உருண்டையாக எழுதியிருந்தது. 'பேரு கோயில்ல, வாயி பாசார்ல.'

கலியாணசுந்தரம் அதை ஒருமுறைதான் படித்தார். இரண்டாம் முறை படிக்கத் தேவையில்லை. அது அவருடைய வரி. போன வருடம், இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்து கொடியெல்லாம் கட்டி முடித்த சில நாட்களில், இராச் சாப்பாட்டின்போது அவர் வாயிலிருந்து வந்தது. அலுவலகத்தில் தனபாலன் மீன் விலையைப் பற்றி மலாயில் அரை மணி நேரம் பேசியதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். சாமி கும்பிடுகிறவன், கோயிலில் முன்வரிசையில் நிற்கிறவன், கந்தன் வள்ளி என்று வீட்டில் பெயர் வைக்கிறவன், வாயைத் திறந்தால் பாசாரில், சந்தையில், பேசுகிற மலாய்தான், ஒரு சொல் தமிழ் இல்லை என்று சொல்லிவிட்டு, தாளம் தட்டுவதுபோல இலை ஓரத்தில் விரலால் தட்டி அந்த வரியைச் சொன்னார். விஜயா சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறிவிட்டது. மனைவி சாரதாம்பாள்கூட ரசக்கரண்டியோடு திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு அவருக்கு மனம் நிறைந்திருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ இராத்திரி, மகள் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே அதைச் சொல்லியிருக்கிறார்.

"வீட்ல போய் அடிச்சிராதீங்க சார்," என்றார் டீச்சர். "அங்க வாங்குற அடியும் திரும்ப அந்தப் பிள்ள தலையிலதான் விழும். பெத்தவங்க யாராச்சும் கூட்டிக்கிட்டுப் போய், அந்த வீட்ல ரெண்டு வார்த்த பேசுனா நல்லது. எங்க கத்துக்கிச்சுங்களோ இதெல்லாம்."

கடைசி வாக்கியத்தை டீச்சர் கேள்வியாகக் கேட்கவில்லை. கலியாணசுந்தரம் குடையின் கைப்பிடியைத் துடைத்தார். "சரிங்க டீச்சர்" என்று எழுந்தார்.

காஜா பெராங் சாலையில் வீடு வரைக்கும் நடந்தார். வழக்கமாக மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு யாருடனாவது பேசிக்கொண்டே வருகிறவர், அன்றைக்கு எதிரே வந்த இரண்டு பேரைப் பார்க்காததுபோல் கடந்தார். வீட்டில் விஜயா கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து நிலப்படம் வரைந்துகொண்டிருந்தாள். அவர் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"மீனாச்சிய என்ன சொன்ன?"

விஜயா பென்சிலை நிறுத்தினாள். அவள் முகத்தில் பயம் வரும் என்று எதிர்பார்த்திருந்தார். வந்தது குழப்பம்தான்.

"நீங்க சொல்றதுதான்பா."

"நான் வீட்ல சொன்னது."

"வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லலியே நீங்க. அவளும் மொதல்ல சிரிச்சாப்பா. அப்புறம் ஒரு நாள் டீச்சர்கிட்ட பேருன்னா என்ன, வாயின்னா என்னன்னு தனித்தனியாக் கேட்டா. அன்னைக்கு இருந்து சிரிக்கல."

அடுப்படி வாசலில் நின்ற சாரதாம்பாள் உள்ளே போனாள். பாத்திரங்கள் இடம் மாறும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அன்றைய சாப்பாட்டின்போது மகள் இரண்டு முறை அவர் வாயைப் பார்த்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் தனபாலன் புக்கிட் பாருவுக்குப் போகும் புதிய குழாயை நீல மையில் வரைந்துகொண்டிருந்தார். கோடு முடியும் வரைக்கும் மூச்சை அடக்கிக்கொள்வது அவர் பழக்கம். முடிந்ததும் மூச்சை விட்டுவிட்டு, இவர் பக்கம் திரும்பி, தமக்குத் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியத்தைச் சொன்னார்.

"பேரு கோயில்ல, வாயி பாசார்ல." பிறகு மலாயில், "சரிதானே மிஸ்டர் சுந்தரம்?"

அந்த வரி அவரிடம் போய்ச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அதே மேசையில் கலியாணசுந்தரம் ஏதோ வேடிக்கையில் அந்த வரியை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தனபாலன் சிரித்துக்கொண்டே அர்த்தம் கேட்டார். கோயிலிலும் கடைத்தெருவிலும் நாலு பேர் மதிக்கிற மனிதர் என்று அர்த்தம் என இவர் மலாயில் சொல்லிவைத்தார். தனபாலன் அதை ஒரு காகிதத்தில் ரோமன் எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். அதன்பிறகு பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து வரும் தமிழ்க் கங்காணியிடம் சொன்னார். கோயில் திருவிழாவில் பந்தல் போட வந்தவர்களிடம் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். தம்முடைய தமிழைக் கேட்டு மகிழ்கிறார்கள் என்று அவரும் சேர்ந்து சிரித்தார். கலியாணசுந்தரம் இரண்டொரு தடவை பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"மீனாச்சிக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று இப்போது மலாயில் கேட்டார்.

தனபாலன் பேனாவைத் துடைத்தார். அவரும் மலாயில்தான் பேசினார்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பள்ளிக்கூடம் போக மாட்டேங்குது. ஏன்னு கேட்டா வாய் திறக்காது. கோயில்ல தேவாரம் பாடுறாங்க, நாம கைகூப்பிக்கிட்டு நிக்கிறோம், ஒண்ணும் விளங்குறதில்ல. வீட்டுல ஒருத்தருக்காவது விளங்கட்டும்னுதான் தமிழ்ல சேத்தேன். மூணு வாரத்துக்கு முன்னால சாப்பிட உட்கார்ந்தப்ப நான் இந்த வரியைச் சொன்னேன். தட்டை அப்படியே வச்சிட்டு எழுந்து போயிருச்சு."

"ஏன்?"

"என் உச்சரிப்பு மோசமா இருந்திருக்கும். படிக்கிற பிள்ள, வெட்கமா இருந்திருக்கும்." சிரித்தார். "இந்த மாசத்தோட நிறுத்திரலாம், தையல் கத்துக்கட்டும்னு அவ அம்மா சொல்றா. நானும் சரின்னுட்டேன். போக மாட்டேன்னு நிக்கிற பிள்ளைய என்ன செய்றது, மிஸ்டர் சுந்தரம்?"

சொல்லியிருக்கலாம். அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. தனபாலன் அடுத்த கோட்டுக்காக அளவுகோலை வைத்துவிட்டு மூச்சை அடக்கினார். அந்த மூச்சு வெளியே வருவதற்குள் கலியாணசுந்தரம் ஒரு கோப்புக்கட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அங்கே அதை அலமாரியில் செருகினார். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. விஜயா வாயிலிருந்து வந்ததால் வரி எந்த வீட்டிலிருந்து கிளம்பியது என்றும் தெரியும், தன் அப்பா அதைப் பாராட்டு என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு திரிகிறார் என்றும் தெரியும். பதின்மூன்று வயதுப் பெண் மூன்று வாரமாக அதைத் தனியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு விஜயாவைக் கூட்டிக்கொண்டு தனபாலன் வீட்டுக்குப் புறப்பட்டார். உண்மையைச் சொல்ல மலாயில் நான்கு வாக்கியங்களை வழியெல்லாம் மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே வந்தார். முதல் வாக்கியம் சரியாக இருந்தது. இரண்டாவதில் 'விளையாட்டாக' என்று ஒரு சொல் வந்துகொண்டே இருந்தது. எடுத்தால் வாக்கியம் நிற்கவில்லை. வைத்தால் பொய்யாக இருந்தது.

சந்துக்குள் திரும்பியதும் தனபாலன் வீடு தெரிந்தது. இவர்கள் வேலிக்கு அருகே வரும்போது உள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக முற்றத்துக்கு வந்தார்கள். கெபாயாச் சட்டை அணிந்த பெண்கள், இரண்டு கிழவர்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி. எல்லோருக்கும் கடைசியாக வந்த தனபாலன் இவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்தினார்.

தெரிந்துவிட்டது என்று கலியாணசுந்தரம் நினைத்தார். கால்கள் வேலியருகே நின்றுவிட்டன. திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. அந்த எண்ணத்தில் ஒரு நிம்மதி இருந்ததையும் கவனித்தார். ஆனால் தனபாலன் கோபமாக இல்லை. உதட்டில் விரலை வைத்துக்கொண்டே வேகமாக வந்து, இவர் கையைப் பிடித்து ஒரு பலகைக்கு அழைத்துப் போனார். காதருகே குனிந்து, மலாயில் மூச்சுக்காற்றாகச் சொன்னார். "முன்னோருக்குப் பழம் படைச்சிருக்கோம். அவங்க சாப்பிடுறாங்க. முடியட்டும். அதுவரைக்கும் பேசக் கூடாது."

கலியாணசுந்தரம் ஐந்து வருடமாக நாலு சந்து தள்ளிக் குடியிருக்கிறார். இப்படி ஒரு நாள் உண்டு என்று அவருக்குத் தெரியாது.

முற்றத்தில் பதினைந்து பேர் இருந்தும் சத்தம் இல்லை. கைக்குழந்தைகூட விரலைச் சப்பிக்கொண்டு கதவைப் பார்த்தது. சன்னல் இடுக்குகள் வழியாகச் சாம்பிராணியும் டுரியான் பழ வாசமும் கலந்து வந்தன. கலியாணசுந்தரம் அடுக்கிவைத்திருந்த நான்கு வாக்கியங்களும் அந்த மௌனத்தில் ஒவ்வொன்றாகத் அவருக்குள்ளேயே கேட்டன, கேட்டுக் கேட்டுத் தேய்ந்தன. வாழையடியில் மீனாச்சி உட்கார்ந்திருந்தாள். மெலிந்த பெண். விஜயா அவளைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தாள். மீனாச்சி விஜயாவைப் பார்க்கவில்லை. கலியாணசுந்தரத்தைத்தான் பார்த்தாள். வெறுப்பாகத் தெரியவில்லை. கணக்கில் அடுத்த வரி என்ன வரும் என்று பார்ப்பதுபோல் இருந்தது. அவர்தான் முதலில் கண்ணை எடுத்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தனபாலன் எழுந்து போய் மூடிய கதவை மூன்று முறை தட்டினார். ஒரு கணம் காத்திருந்து திறந்தார். பாயில் வரிசையாக வாழையிலைகள், அவற்றின் மேல் சோறும் மீனும் மங்குஸ்தீனும் ரம்புத்தானும். குத்துவிளக்கு நின்று எரிந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குரல் வந்தது. யாரோ சிரித்தார்கள். தனபாலன் இவரை உறவினர்களிடம் கை நீட்டிக் காட்டி மலாயில் என்னவோ பெருமையாகச் சொல்லிவிட்டு, டுரியான்களைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டார்.

மீனாச்சி ஒரு தட்டில் பழங்களோடு வந்தாள். விஜயா எழுந்து நின்றாள். "மீனாச்சி, நான் இனிமே…" என்று ஆரம்பித்தாள். மீனாச்சி ஒரு மங்குஸ்தீனை எடுத்து அவள் கையில் வைத்தாள். விஜயா அதை உடைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மீனாச்சி தட்டை இவர் முன்னால் நீட்டினாள். தமிழில் பேசினாள். பாடப்புத்தகத்தில் படித்த தமிழ், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நின்றது.

"ஐயா, சாப்பிடுங்கள்." பின்னால் அப்பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அதே குரலில் கேட்டாள். "அவருக்கு யார் சொல்வது? நீங்களா, நானா?"

முற்றத்தில் அதைப் புரிந்துகொண்டவர்கள் மூன்று பேர்தான்.

"நான்," என்றார் கலியாணசுந்தரம்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு நகரவில்லை. அவர் எழுந்து தனபாலன் குந்தியிருந்த இடத்துக்குப் போய், வேட்டியைச் சுருட்டிக்கொண்டு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். தனபாலன் முழங்கால்களுக்கு நடுவே ஒரு பெரிய டுரியானை வைத்து, கத்திமுனையைப் பிளவில் செருகியிருந்தார். "இது உங்களுக்குத்தான்," என்று மலாயில் சொன்னார். அது எளிதில் திறக்கவில்லை. கலியாணசுந்தரம் கையை நீட்டி, முள்ளின் மேலேயே உள்ளங்கையைப் பதித்து ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். தனபாலன் மறுபக்கத்தைப் பிடித்து, கோடு போடும்போது செய்வதுபோல் மூச்சை அடக்கினார். ஓட்டுக்குள் நார் ஒவ்வொன்றாக விடும் சத்தம் கேட்கத் தொடங்கியது.