தேய்த்ததும் மின்னிய வில்லை

…கெட்டுப்போச்சாம், கைடு ராஜ்குமார் சார் சொல்லிவிட்டால் ஆயிற்றா, சமேரியம் சல்ஃபைடு என்ன சாரைக் கேட்டா நிறம் மாறும், கறுப்பாக இருந்த காசளவு வில்லை இப்போது தங்கமாக மின்னுகிறது, அவ்வளவுதானே, அழுத்தினாலோ தேய்த்தாலோ அதன் மேற்பரப்பு குறைகடத்தி நிலையை விட்டு உலோக நிலைக்குப் போய்விடும், சூடு காட்டினால் திரும்பக் கறுக்கும், இதைப் படித்து மயங்கித்தான் ஆராய்ச்சிக்கே வந்தேன், அப்படி வந்த நானே இன்று காலையில் உப்புத்தாளை எடுத்துப் பரபரவென்று தேய்த்தேனே, என் புத்தியை என்னவென்று சொல்ல… சிப்காட் கம்பெனி டூல்ரூமில் இரண்டு வருடம் குப்பை கொட்டிய கை, இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகும் எதையும் பளபளவென்று ஆக்காமல் விடாது, பெங்களூரிலிருந்து சென்சார் கம்பெனிக்காரர் பார்க்க வருகிறார் என்றதும் அதுபாட்டுக்குத் தேய்த்துவிட்டது. பார்த்ததும் சார் குதித்தார், "மாதேஸ்வரி, உன்னை டூல்ரூம்லயே உட்டிருக்கணும்மா. அதத் தூக்கிக் கடாசு, ஃபர்னஸ் ரிப்பேர்னு சொல்லிக்கலாம். அப்புறம் நீ வேற கைடு பாத்துக்கோ." வேறு கைடாம், தினமும் தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து செய்து, ஒவ்வொன்றாக உடைந்து உடைந்து கடைசியில் தேறிய ஒரே வில்லை, இதைக் கடாசுவேனா நான்?

சார் அந்தக் கம்பெனிக்காரரை அழைத்துவர வாசல் கேட்டுக்குப் போயிருக்கிறார். ஆர்கான் வாயு ஓடும் கண்ணாடிக் குழாய்க்குள் வில்லையை வைத்தாயிற்று, விரல் ஸ்விட்சில், இப்போதே சூடேற்றினால் அவர்கள் வருவதற்குள் கறுத்துவிடும், தேய்த்தது யாருக்கும் தெரியாது, என் இடமும் பிழைக்கும்… பிழைத்து என்ன கிழிக்க? கெடுத்தாள், மறைத்தாள் என்றுதானே ஆகும், கெடவே இல்லை என்று எப்படி ஆகும்? சீ, எடு விரலை. அவர் கண்ணெதிரிலேயே கறுக்கட்டும்.

செருப்புச் சத்தம், வந்துவிட்டார்கள். பெங்களூர்க்காரர் குழாயருகே குனிந்து, "ஏனம்மா இது, சின்னானா?" என்னம்மா இது, தங்கமா என்று கன்னடத்தில் கேட்கிறார், சார் அவசரமாக வாயைத் திறக்கிறார், நான் முந்திக்கொள்கிறேன். "இல்லீங்க சார், நான்தான் தேச்சுட்டேன், அதான் இந்த நெறம். கெட்டுப் போகல. இப்ப பாருங்க." சார் பல்லைக் கடிக்கிறார், கடிக்கட்டும், ஸ்விட்சைப் போட்டுவிட்டேன், திரையில் சூடு காட்டும் எண் ஏறுகிறது, ஏறிக்கொண்டே போகிறது, வில்லை மட்டும் அப்படியே மின்னுகிறது, ஐயையோ, கறுக்கும் என்று படித்ததுதான், கண்ணால் பார்த்ததில்லையே… கறுக்காவிட்டால்? கறுக்காவிட்டாலும் தேய்த்தது நான்தான், சொன்னதும் நான்தான், போ. மூன்று தலைகள் குழாய்மேல் கவிழ்ந்திருக்கின்றன, சாருடையதும்தான். ஓரத்தில் லேசாக மங்குகிறதா, இல்லை என் கண்தான் மங்குகிறதா… அட, என் இடம் என்ன ஆகும் என்ற நினைப்பே இல்லாமல், எந்தச் சூட்டில் கறுக்கும் என்று மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.