மல்லாந்து கிடந்த வெயில் ஹீட்டர்

பிரசவ வார்டில் மூன்று நாளாக வெந்நீர் இல்லை. பச்சைக்குழந்தைகளைத் துடைக்கக் கெட்டில் கெட்டிலாகத் தண்ணீர் காய்ச்சி அலுத்துப்போன தலைமை நர்ஸ், தங்கைக்குப் போன் செய்தாள். மொட்டைமாடியில் வெயில் ஹீட்டரைச் செய்து பொருத்தியவள் அந்தத் தங்கைதான்.

"வெயில் மண்டையப் பொளக்குது. குழாய்ல ஜில்லுனு வருது. சிபாரிசு பண்ணது நான்தானேன்னு எல்லாரும் என்னையே பாக்குறாங்கடி."

தங்கை கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தாள். ஹீட்டரில் இருந்தவை எட்டுச் செப்புக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் காற்றை உறிஞ்சி எடுத்து, கொஞ்சம் தண்ணீர் மட்டும் விட்டு, அவள் கையாலேயே பற்றவைத்து மூடியவை. வெயில் பட்டால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி மேலே ஏறும். வார்டுக்குப் போகும் தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் நுனியில் சூட்டைக் கொடுத்துவிட்டு, நீராகிக் கீழே இறங்கும். பற்றவைப்பில் மயிரிழை ஓட்டை விழுந்தாலும் காற்று புகுந்து நுனியை அடைத்துக்கொள்ளும்.

அக்காவோடு மாடியேறி, ஒரு குழாயை உருவித் தொட்டுப் பார்த்தாள். அடி கொதித்தது, நுனி சில்லிட்டிருந்தது.

"போச்சுக்கா. காத்து புகுந்துருச்சு. என் வேலைதான் சரியில்ல."

அக்கா திட்டவில்லை. "எட்டும் ஒரே நாள்லயா கெடும்? அது இருக்கட்டும், இந்த ஹீட்டர் முன்னாடி தலையத் தூக்கிட்டு நிக்குமே. இப்ப ஏன் மல்லாந்து கெடக்கு?"

வந்த பதற்றத்தில் தங்கை அதைக் கவனிக்கவே இல்லை. அவசரமாகச் சாய்வு பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து வைத்தாள். நுனிப்பக்கம் அடியைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது!

மூன்று நாளாக மாடியில் தளம் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் தலையைச் சொறிந்தார். "காத்துல ஆடுச்சும்மா. அதான் ஸ்டாண்டோட பின்னங்கால இறக்கி வெச்சேன்."

"அண்ணே, தண்ணி நுனியிலயே தேங்கிருச்சு. கீழ இறங்கினாத்தானே திரும்ப ஆவியாகும்?"

உருவிய குழாயை அடிப்பக்கம் வெயிலில் ஊன்றி, நுனியை உயர்த்திப் பிடித்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஆ! சுடுதுக்கா, சுடுது!" விரலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் முட்டியது.

மற்ற ஏழு குழாய்களையும் அப்படியே பார்த்தாள். ஒன்றுகூடப் பழுதில்லை. கொத்தனாரே ஸ்டாண்டின் பின்னங்கால்களை உயர்த்தி, ஆடாமல் போல்ட்டை முறுக்கினார்.

மாலையில் வார்டுக் குழாயைத் திறந்த அக்கா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"அடியே, கை வைக்க முடியல. பச்சத்தண்ணி ஒரு வாளி கொண்டா, விளாவணும்!"

தங்கை வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.