லால்குடி பீரோ சாவி

பேடண்ட் சட்டத்தை முழுதாகப் புரிந்துகொண்டவர் இந்தியாவில் ஒருவர்தான். அவர் மன்னார்புரத்தில் வயலில் களையெடுக்கும் மெஷின் செய்கிறார். இதைச் சொன்னவர் ரெங்கராஜ். மன்னார்புரத்தில் களையெடுக்கும் மெஷின் செய்பவரும் அவரே.

அந்த மெஷினை ஸ்டீபன்ராஜ் என்பவர் காப்பியடித்துவிட்டதாக ரெங்கராஜ் போட்ட வழக்கு. உங்கள் மெஷினின் வரைபடங்களைக் கொடுங்கள் என்று ஸ்டீபன்ராஜிடம் கேட்டதற்கு, "அவை எங்கள் துணைக் கம்பெனியிடம் உள்ளன. அது தனி நிறுவனம், எங்கள் கையில் இல்லை" என்று பதில் வந்திருந்தது.

ஸ்ரீரங்கத்தில் வக்கீல் சுபஸ்ரீயின் ஆபீஸே அதிரும்படி சிரித்தார் ரெங்கராஜ்.

"தன் சட்டைப்பையில இருக்கிற கைய, பக்கத்து வீட்டுக்காரன் கைங்கிறான் மேடம்! கோபுர வாசல்ல விக்கிற பொம்மை தானாவா ஆடுது? சாவி கொடுக்கிறவன் வேணாம்?"

"துணைக் கம்பெனியும் அவர் கையிலதான், வரைபடத்தைத் தரச் சொல்லுங்கன்னு மனு போட்டுடலாம் சார். ஆனா அவங்க தந்தா நாமளும் தரணும். லால்குடியில இருக்கிற உங்க துணைக் கம்பெனி பேப்பரும் சேர்த்துதான். பேடண்ட் கேட்டு விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி மெஷினை வெளியாள் யாரும் பாக்கலையே? பாத்திருந்தா பேடண்டே நிக்காது."

"காக்கா குருவிகூடப் பாக்கல. நாளைக்கே மனு போடுங்க!"

கொள்ளிடம் தாண்டி லால்குடிக்குப் போனார். அந்தக் கம்பெனிக்குக் காகிதத்தில் டைரக்டர் அவர் மனைவி ஆனந்தவள்ளி. பீரோ சாவி மட்டும் ரெங்கராஜின் அரைஞாண் கயிற்றில். திறந்தார். மேலாக ஒரு போட்டோ ஆல்பம்.

விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பு, மெஷினை முதன்முதலாக வயலில் இறக்கிய பூஜை. மாலை, சந்தனம், குங்குமம். கண் படக்கூடாதென்று பூசணிக்காய் உடைக்க, ஊரையே கூப்பிட்டிருந்தார். வரப்பு முழுக்கத் தலைகள். முன்வரிசையில் ஒருவர் மெஷினுக்கு அடியில் குனிந்து பல்சக்கரம் எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இது ஸ்டீபன்ராஜ் அண்ணன்தானே? ரெண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே," என்றாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஆனந்தவள்ளி.

ரெங்கராஜ் பீரோவைப் பூட்டினார். சாவியை அவிழ்த்து அவள் கையில் வைத்தார்.

"நீயே வச்சுக்க. உன் கம்பெனிதானே."

"இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?"

அவர் வக்கீலுக்கு போன் போட்டார்.

"மேடம், அந்த மனு வேணாங்க. ஆற அமர யோசிச்சேன். ஸ்டீபன்ராஜ் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. துணைக் கம்பெனின்னா தனி ஆளுதானே? லால்குடிக்கும் எனக்கும் என்னங்க சம்பந்தம்?"

பேசிக்கொண்டே முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து, வெளியாட்களுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.