மஞ்சள் கோட்டு

மனநலச் சங்கத்தில் தன்னார்வலர் எல்லாருக்கும் கொடுத்த மஞ்சள் கோட்டைத் தையல்காரி ஒரு நாளும் போட்டதில்லை. அதன் முதுகில் 'மனநலத் தன்னார்வலர்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் வீட்டுப் படியேறுவதும், உள்ளே ஒரு பைத்தியம் இருக்கிறது என்று தண்டோரா போடுவதும் ஒன்றுதான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

சைக்கிள் கடைக்காரர், மனைவி இறந்துபோனதிலிருந்து கடையைத் திறக்கவில்லை. ஏழு வாரமாக வியாழன்தோறும் அவள் பட்டன் டப்பாவோடு அவர் வீட்டுக்குப் போனாள். அவர் சட்டையில் பிய்ந்த பட்டனைத் தைப்பாள். எழுந்து வரும்போது இன்னொன்றின் நூலைத் தளர்த்திவிட்டு வருவாள். அடுத்த வாரம் வர ஒரு சாக்கு வேண்டுமே! மூன்று வாரம் அவர் வாயே திறக்கவில்லை. நாலாம் வாரம் அழுதார். ஏழாம் வாரம், பூச்சிமருந்து வாங்கி ஒளித்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

"அதை எங்கிட்ட குடுத்திடுங்கண்ணே."

"இன்னைக்கு மனசு வரல தங்கச்சி. அடுத்த வியாழக்கிழமை தரேன். அதுவரைக்கும் தொடமாட்டேன்."

அன்று மாலையே அவருடைய தம்பியை வரவழைத்து அங்கேயே தங்க வைத்தாள். சங்கத்து மேற்பார்வையாளருக்குப் போன் போட்டு, "உடனே ஒரு டாக்டரை அனுப்புங்க சார்" என்று கெஞ்சினாள்.

வியாழக்கிழமை அவள் தெருமுனை திரும்பியபோது அவர் வீட்டு வாசலில் ஒரு ஜீப் நின்றது. டாக்டர் இல்லை. மேற்பார்வையாளர், நாலு மஞ்சள் கோட்டுகள், ஒரு கேமரா. தம்பி வேலைக்குப் போயிருந்த நேரம்.

"ஐயா, மனநலச் சங்கத்திலிருந்து வந்திருக்கோம்! வெளியே வாங்க, ஒரு போட்டோ!" என்று கூவினார் மேற்பார்வையாளர்.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "அடப்பாவமே, இவருக்கு மூளை கலங்கிடுச்சா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டார்கள், பாவிகள்!

"டாக்டர் எங்கே சார்?"

"அடுத்த மாசம் வருவார். நீ ஏம்மா கோட்டு போடல? மேலிடத்துல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. "எல்லாரும் ஜீப்புல ஏறுங்க! இனி ஒரு ஆள் இந்த வாசல்ல நின்னா நடக்கிறதே வேற!" ஊசியும் நூலுமாகவே பார்த்தவளின் அந்தக் குரலைக் கேட்டு நாலு கோட்டும் பின்வாங்கின.

கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

"அண்ணே! நான்தான். திறக்கலேன்னா உடைச்சிட்டு வருவேன்!"

தோளைக் கொடுத்து முட்டினாள். மறுமுறை முட்டப் போனபோது தாழ்ப்பாள் விலகியது. அவருடைய ஒரு கையில் பாட்டில், மறு கையில் அதன் மூடி.

"குடிச்சீங்களா?"

"இல்ல." அவர் பார்வை ஜீப்பில் இருந்தது. "நீதான் அவங்களைக் கூட்டிட்டு வந்தியோன்னு நெனச்சேன், தங்கச்சி."

அந்தச் சொல் அவளைச் சுட்டது. சொன்னவள் அவள்தானே! "டாக்டர் வருவார்னு நம்பி நான்தாண்ணே சொன்னேன். என்னைத் திட்டுங்க, அடிங்க. இதை மட்டும் குடுங்க."

கொடுத்தார். ஒரு கையில் பாட்டிலும், மறு கையில் அவர் மணிக்கட்டுமாக நின்றபடியே, ஜீப்பைப் பார்த்து அவள் தெரு அதிரக் கத்தினாள்.

"இவர் குடிச்சிருந்தா மேலிடத்துக்கு என்ன எழுதியிருப்பீங்க சார்? எல்லாரும் கோட்டு போட்டிருந்தோம்னா?"