மூன்று முறை தவறினால்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறந்ததில்லை. தலைமைப் பொறியாளர் என்னிடம் கேட்ட ஒரு பக்க விளக்கக் கடிதம். ஒரு பக்கத்தில் சொல்லி முடிக்கத் தெரிந்தவன் கதை எழுதப் போவானா? நான்காம் பக்கத்தில் நான் மேகங்களை வர்ணித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் பக்கத்தில் தவறு யாருடையது என்ற விஷயமே காணாமல் போயிருந்தது. அதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது, நான் எழுதிக்கொண்டிருப்பது கடிதம் இல்லை என்று.

கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. மிஞ்சியது இது.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன். மூன்றையும் அடிக்காமல் விடுகிறேன், என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும்.

அன்று காலை வானம் சாம்பல்

(கன்ட்ரோல் ரூமில் ஜன்னலே கிடையாது.)

எல்லா அதிகாரமும் ஒரு கடவுச்சொல்லில் தொடங்குகிறது.

(இதை எழுதிவிட்டு அரை மணி நேரம் என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். மனைவி கணக்கு டீச்சர். படித்தாள், தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள், வைத்துவிட்டாள்.)

நான் குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறவன்.

இது போகட்டும். எங்கள் அலுவலகத்தில் பம்புகளை இயக்கும் ஆறு கம்ப்யூட்டர்கள் உண்டு. அவை முற்றத்தின் மறுகோடியில், பம்பு ஹவுசில், பூட்டிய குளிர் அறைக்குள் இருக்கின்றன. அவற்றை இயக்குகிறவர்கள் உட்காருவது இந்தக் கோடியில், கன்ட்ரோல் ரூமில். நடுவில் முந்நூறு அடிக்கு மேல் வெயில். ஒரே கீபோர்டு, ஒரே மானிட்டர், ஒரே மவுஸை வைத்துக்கொண்டு இங்கிருந்தே ஆறையும் மாறி மாறி ஆள உதவும் ஒரு பெட்டியை நெட்வொர்க்கில் புதிதாகப் பொருத்தினார்கள். கே.வி.எம். சுவிட்ச் என்று பெயர். அதற்கு நிர்வாகி நான். யார் உள்ளே வரலாம், யார் எதைத் தொடலாம் என்பதையெல்லாம் நான்தான் அமைக்க வேண்டும்.

வீட்டில் டிவி ரிமோட்கூட என் கையில் இருப்பதில்லை. அதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

3

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். கம்பெனி போட்டு அனுப்பிய கடவுச்சொல்லை மாற்றினேன். ஏழு ஆபரேட்டர்களுக்கும் கணக்கு உண்டாக்கினேன். கடவுச்சொல் பன்னிரண்டு எழுத்தாவது இருக்க வேண்டும், அதில் எண்ணும் குறியும் கலந்திருக்க வேண்டும் என்று விதி வைத்தேன். ஐந்து நிமிடம் யாரும் எதையும் தொடாவிட்டால் தானாக வெளியேற்றிவிடும்படி செய்தேன்.

அடுத்து ஒரு கேள்வி வந்தது: மூன்று முறை தவறாக அடித்தால் கணக்கு பூட்டப்படும், எவ்வளவு நேரத்துக்கு? ஒரு நிமிடம், முப்பது நிமிடம், நிர்வாகி திறக்கும் வரை. நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஏன் என்று பொறியாளர் பின்னால் கேட்டபோது பாதுகாப்புக்காக என்றேன். உங்களிடம் மறைப்பானேன். 'நிர்வாகி திறக்கும் வரை.' மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், ஒரு நல்ல சிறுகதைத் தலைப்பு போல இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

கடவுச்சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் என் கையால் எழுதி ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன்.* ஆபரேட்டர்களில் ஒருவரான மீட்டர் அக்கா தன் சீட்டைக் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்தார்.

"தம்பி, இதை அடிக்கவே எனக்கு ஒரு நிமிஷம் ஆகும். அவசரம்னா என்ன பண்றது?"

"பழகிடும்க்கா" என்றேன். வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். ஒரு கதைக்கு முதல் வரி வருகிற மாதிரி இருந்தது.

(* என் கையெழுத்தில் எண் ஒன்றும் ஆங்கிலத்தின் சின்ன எல்லும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். இந்த அடிக்குறிப்பை அன்றைக்கே யாராவது எழுதியிருக்க வேண்டும்.)

4

மீட்டர் அக்காவைப் பற்றி. முதல் வரைவில் அவரை நான் ஒடிந்து விழுகிற மாதிரி எழுதியிருந்தேன். கலங்கிய கண்கள், நடுங்கும் விரல்கள், பெருமூச்சு. மனைவி ஒரு நாள் அவரைப் பேருந்தில் பார்த்திருக்கிறாள். உட்காரும் இடத்துக்காக ஒரு ஆளோடு அக்கா போட்ட சண்டையை ரசித்துக்கொண்டே வந்தாளாம். "அவங்களா பெருமூச்சு விட்டாங்க?" என்று மட்டும் கேட்டாள். பெருமூச்சை எடுத்துவிட்டேன்.

அவர் இருபத்தாறு வருஷமாகப் பம்பு பார்க்கிறார். மீட்டரைப் பார்க்காமலே, போனில் கேட்கிற இரைச்சலை வைத்து அழுத்தம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். அதனால்தான் அந்தப் பெயர். இடது முழங்காலில் வலி, படி ஏறும்போது மட்டும் வாய்க்குள் யாரையோ திட்டுவார். கீபோர்டில் இரண்டே விரல்கள்தான். ஆனால் அந்த இரண்டும் எந்தப் பம்பை எப்போது நிறுத்த வேண்டும் என்று அறிந்த விரல்கள்.

இவ்வளவும் தெரிந்துதான் நான் பன்னிரண்டு எழுத்து கொடுத்தேன்.

5

மறுநாள் காலை பத்து நாற்பதுக்கு, கீழ்த்தெருவில் பழுது பார்க்கப் போனவர்கள் சொல்லாமல் ஒரு வால்வை மூடிவிட்டார்கள். இரண்டாம் பம்பு தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்தது. போக வழி இல்லை. சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது. பம்பை நிறுத்த அக்கா கீபோர்டைத் தொட்டார். ஐந்து நிமிடம் சும்மா இருந்ததால் பெட்டி அவரை ஏற்கெனவே வெளியே தள்ளியிருந்தது.

சீட்டைப் பார்த்து அடித்தார். தவறு. எண் ஒன்றை அடித்திருந்தார், அது எல். நிதானமாக, சீட்டில் இருப்பதை இருக்கிறபடியே மறுபடி அடித்தார். அதுவும் தவறு. மூன்றாவது தடவையோடு பெட்டி பூட்டிக்கொண்டது, நிர்வாகி திறக்கும் வரை.

நிர்வாகி கேன்டீனில் இருந்தான். கதை எழுதும்போது தொந்தரவு கூடாது என்று போனைச் சைலன்டில் போட்டிருந்தான். அக்கா நான்கு முறை அழைத்திருக்கிறார். அந்த நேரத்தில் நான் எழுதிக்கொண்டிருந்த கதை, நம்ப மாட்டீர்கள், பேசுவதற்கு யாருமில்லாத ஒரு பெண்ணைப் பற்றியது. வரிகள் நன்றாக வந்துகொண்டிருந்தன.

அக்கா போனை மேஜையில் போட்டுவிட்டு ஓடினார். அந்த முழங்காலோடு முற்றத்தைக் கடந்து, காவலாளியைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கவைத்து, பம்பு ஹவுசின் சுவரிலிருந்த பெரிய பொத்தானைக் கையால் அடித்து நிறுத்தினார். மணி பத்து நாற்பத்தொன்பது.

அதற்குள் கீழ்த்தெருவில் குழாய் வெடித்து, ஒரு தையல் கடைக்குள் தண்ணீர் இடுப்பளவு ஏறிவிட்டது. பள்ளிச் சீருடைக்காக வெட்டி வைத்த நீலத் துணி முழுக்க நனைந்தது. யாருக்கும் அடிபடவில்லை. தையல்காரரும் அவர் மகளும் வெட்டுகிற மேஜைமேல் ஏறி நின்றிருக்கிறார்கள்.

சாயங்காலம் மீட்டர் அக்காவுக்கு மெமோ வந்தது. ஒன்பது நிமிடத் தாமதம், புதிய கருவியைக் கையாளத் தெரியாமை. திங்கட்கிழமையிலிருந்து பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றம். அந்த அறைக்குப் பம்புச் சத்தம் கேட்காது.

பொறியாளர் என்னைக் கூப்பிட்டார். பெட்டி ஒழுங்காக வேலை செய்ததா என்று எழுதித் தரச் சொன்னார்.

6

இங்கே கதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்றில் நாயகன் நிமிர்ந்து நின்று, "ஐயா, குற்றம் என்னுடையது" என்கிறான். இதை எழுதிப் பார்த்தேன். அந்த நாயகனுக்கு என்னைவிட உயரம் அதிகம், குரலும் கனமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

இன்னொன்று: பெட்டிக்குள் ஒரு பதிவேடு உண்டு. யார் எந்த நிமிடம் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். புதன் மாலை நான் வைத்த விதி. வியாழன் காலை மூன்று தவறுகள். அவற்றுக்கிடையே இருபது, இருபத்தைந்து வினாடிகள். பக்கத்தின் அடியில் 'பதிவை அழி' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தும் உரிமை உலகத்திலேயே ஒருவனுக்குத்தான் உண்டு.

வியாழன் சாயங்காலம் மவுஸை அந்தப் பொத்தான்மேல் கொண்டுபோய் வைத்தேன். வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். நல்லவனாக இருப்பதா கெட்டவனாக இருப்பதா என்று நான் யோசித்த யோசனையில் ஐந்து நிமிடம் கடந்து, பெட்டி என்னை வெளியேற்றிவிட்டது.

ஆக, நான் அழிக்கவில்லை. அதை மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள ஆசையாக...

வீட்டுக்குப் போய்க் கடிதத்தை எழுதினேன். நாலு தாளைக் கிழித்த பிறகு ஒரே ஒரு வரி மிஞ்சியது: 'பெட்டி, அமைக்கப்பட்டபடியே ஒழுங்காக இயங்கியது.'

7

மனைவி படித்தாள்.

"இதுல பொய் இருக்கா?"

இல்லை என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

"அப்புறம் ஏன் நாலு தாளைக் கிழிச்சீங்க?"

அவள் விடைத்தாள் கட்டைப் பிரித்துத் திருத்த ஆரம்பித்தாள். இரண்டு தாள் திருத்திய பிறகு, தலை நிமிராமல் சொன்னாள்: "விடை சரியா இருந்தாலும் வழி எழுதலைன்னா நான் மார்க் போடறதில்ல."

(இதை நானே எழுதியிருந்தால் செயற்கையாக இருக்கிறது என்று அடித்திருப்பேன். அவள் சொன்னாள், வைத்துக்கொள்கிறேன்.)

அன்றைக்கு வழியை எழுதினேன். விதி, சீட்டு, கையெழுத்து, "பழகிடும்க்கா", சைலன்டில் கிடந்த போன், கேன்டீன், அந்தப் பொத்தான். மேகங்கள் இதில்தான் வந்தன, பிறகு போயின.

8

வெள்ளிக்கிழமை பொறியாளர் கடிதத்தையும் பதிவேட்டின் அச்சுப் பிரதியையும் இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் எழுத வசதியாக இருந்திருக்கும். "இதை நேத்தே சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அக்காவின் மெமோவும் மாற்றல் உத்தரவும் ரத்தாயின. எனக்கு ஒரு மெமோ வந்தது. அதன் வாசகத்தில் ஒற்றுப் பிழை இருந்தது, நான் திருத்தவில்லை.

அன்று மத்தியானம் பம்பு ஆட்கள் இருவரோடு தையல் கடைக்குப் போனேன். நீலத் துணியையெல்லாம் அலசிப் பிழிந்து எங்கள் முற்றத்துக் கம்பி வேலியில் வரிசையாகப் போட்டோம். தையல்காரரின் மகள் என்னை என்ன வேலை பார்க்கிறவன் என்று கேட்டாள். கம்ப்யூட்டர் என்றேன். பிழிவதைப் பார்த்தாலே தெரிகிறது என்றாள்.

9

திங்கட்கிழமை காலை கன்ட்ரோல் ரூமுக்குப் போனேன். அக்கா தன் நாற்காலியில் இருந்தார். முழங்காலில் பட்டி கட்டியிருந்தார். இனி ஆபரேட்டர் மேஜையில் தானாக வெளியேற்றுவது இல்லை, பூட்டினாலும் ஒரு நிமிடம்தான், கடவுச்சொல்லை அவரவரே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். தலையாட்டினார்.

"நான் எழுதிக் கொடுத்துட்டேன்க்கா."

"சொன்னாங்க."

"நீங்க போன் பண்ணினப்ப நான்..."

"கதை எழுதிட்டிருந்தீங்க. அதையும் சொன்னாங்க."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை எழுத்து இருக்க வேண்டும் என்று கேட்டார். எட்டு போதும் என்றேன்.

"அந்தப் பக்கம் திரும்புங்க தம்பி."

சுவரைப் பார்த்து நின்றேன். இரண்டு விரல்கள் தட்டும் சத்தம் நிதானமாகக் கேட்டது. எட்டு தாண்டியது, பன்னிரண்டு தாண்டியது. பத்தொன்பதில் நின்றது. பெட்டி மறுபடி அடிக்கச் சொல்லும். அடித்தார், அதே பத்தொன்பது, ஒரு தடுமாற்றமும் இல்லை. பத்தொன்பது எழுத்தில் ஒரு மன்னிப்பு அடங்கும். ஒரு வசவும் அடங்கும். ஓடிய தூரத்தையோ பேரப்பிள்ளை பெயரையோகூட வைத்திருக்கலாம்.

நிர்வாகியால் அதை அழித்துப் புதிதாக வைக்க முடியும், படிக்க முடியாது. கதாசிரியன் வேண்டுமானால் அவர் வாயில் ஒரு வரியைப் போட்டு, அவரைச் சிரிக்க வைத்து, உங்களை அனுப்பிவைக்கலாம். அதைச் செய்யப் போவதில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் சொல்ல வேண்டாம்.

"திரும்பலாமாக்கா?" என்று கேட்டேன்.

"இருங்க" என்றார்.