அழகாக விழச் சொன்னார்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் தையல் அறையில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். இந்தப் படத்தின் இரண்டு சூப்பர் ஹீரோ உடைகளையும் வெட்டித் தைத்தால் அவர்களுக்கும் வரும். ஹீரோவின் உடை கழுத்திலிருந்து கால்விரல் வரை. நெஞ்சுக்குக் கவசம், முழங்காலுக்குத் தடுப்பு, இடுப்புப் பட்டையில் எட்டுப் பாக்கெட். உலகத்தைக் காப்பாற்றப் போகிறவருக்கு எட்டுப் பாக்கெட் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஹீரோயினும் அதே உலகத்தைத்தான் காப்பாற்றுகிறாள். அவளுக்கு முதுகு திறந்து, இடுப்பு திறந்து, தொடை திறந்து, மிச்சமிருந்த இடத்தில் கொஞ்சம் நீலத் துணி. வெட்டியெறிந்த துணியில் இன்னொரு ஹீரோவுக்கே தைத்திருக்கலாம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்த உடையானாலும் இரண்டு செட். ஒன்று நடிப்பவருக்கு, இன்னொன்று அவருக்குப் பதிலாக விழுந்து எழும் டூப்புக்கு. டூப்பின் செட்டை இரண்டு அங்குலம் தளர்த்தி வெட்டுவோம், அடி படாமலிருக்க உள்ளே பேடு வைக்க வேண்டுமே. இருபது வருடப் பழக்கம், கை தானாக ஓடிவிட்டது. ஹீரோயினின் டூப் செட்டையும் தளர்த்தியே வெட்டித் தொலைத்தேன். பேடு வைக்க இடமே இல்லாத உடைக்கு எதற்குத் தளர்வு? காலையில் மானிட்டரில் பார்த்த டைரக்டர், "உடம்போட ஒட்டவே இல்லையே. பிடிச்சுத் தைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த டூப் என் தங்கை. வீட்டில் வாலு என்று கூப்பிடுவோம், சின்ன வயதில் மதில் மேலேயே குடியிருந்தவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு படத்தில் விழுந்து இடது இடுப்பெலும்பு விரிசல் விட்டது. அதே இடத்தில் இன்னொரு அடி பட்டால் ஆயுசுக்கும் நொண்டிதான் என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். இன்றைக்கு அவள் இருபத்திரண்டு சிமென்ட் படிகளில் உருள வேண்டும்.

அவள் உடையைப் போட்டபடி நிற்க, நான் மண்டியிட்டு இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். ஊசி இரண்டு தடவை என் விரலிலேயே ஏறியது.

"பேடு கேட்டியா?" என்றேன்.

"மூணு வாரமா கேக்கறேன் அக்கா. தெரியும்ங்கறாங்க."

"எது தெரியும்?"

"பேடுதான். துணி இருந்தாத்தானே மறைக்க முடியும்."

தோல் நிறத் துணியில் மெல்லிய பஞ்சு வைத்து நான் ரகசியமாகத் தைத்து வைத்திருந்ததை எடுத்து அவள் இடது இடுப்பில் ஒட்டினேன். செட்டுக்குப் போன ஐந்தாவது நிமிடம் டைரக்டர் கண்டுபிடித்துவிட்டார். "இடுப்புப் பக்கம் மடிப்பு தெரியுது. எடுங்க அதை." வாலு என்னைப் பார்க்காமல் தானே பிய்த்து என் கையில் கொடுத்தாள்.

முதல் தடவை விழுந்தாள். முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, தலையைக் கைக்குள் புதைத்து, பந்தாகச் சுருண்டு உருண்டாள். படியில் விழத் தெரிந்தவர்கள் அப்படித்தான் விழுவார்கள். நேற்று ஹீரோவின் டூப் இதே படியில் அப்படித்தான் உருண்டார். உடைக்குள் அவ்வளவு பேடு இருப்பதால் அவருக்குப் பஞ்சு என்றே பெயர். உருண்டு முடித்து எழுந்து டீ கேட்டார், மொத்த யூனிட்டும் கைதட்டியது.

இன்று யாரும் கைதட்டவில்லை. "ஒன் மோர்" என்றார் டைரக்டர். இரண்டாவது தடவை எழுந்தபோது வாலு இடது காலை ஊன்றிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஓடிப்போய்த் தொட்டேன். இடுப்பு கன்றிச் சிவந்திருந்தது.

டைரக்டர் பக்கத்தில் வந்தார். கோபக்காரர் இல்லை, அமைதியாகத்தான் பேசினார். "நல்லா விழறீங்க. ஆனா அழகா இல்ல. மூட்டை மாதிரி இருக்கு. கால நீட்டி, முதுக வளச்சு, முகம் தெரியாம தலைய சாச்சு விழுங்க."

"சுருளலேன்னா எலும்பு போயிடும் சார்," என்றாள் வாலு.

"ஒரே ஒரு தடவைதான்."

ஸ்டன்ட் மாஸ்டர் டைரக்டரைப் பார்த்தார், படியைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். வாலு மெல்லத் தலையாட்டிவிட்டாள்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. தையலைச் சரி பார்ப்பதுபோல் குனிந்தேன், கத்தரியை உள்ளே விட்டு அக்குளிலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக வெட்டினேன். "கிழிஞ்சிடுச்சு சார்" என்றேன். ஹீரோயின் தன்னுடைய செட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்துத் தளத்தில் நடித்துக்கொண்டிருந்தார், அதை யாரும் கேட்க முடியாது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

வாலு துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெட்டைப் பார்த்தாள். பிறகு நான் கனவிலும் நினைக்காததைச் செய்தாள்.

"கிழியல சார். அக்கா வெட்டிட்டாங்க."

நான் கத்தரியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"எனக்காகத்தான் வெட்டினாங்க. ஆனா நான் சொல்ல வேண்டியத அவங்க கத்தரி சொல்லக் கூடாது. இந்த உடையில நான் இனிமே விழ மாட்டேன்."

டைரக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். திரும்பி, "பஞ்சுவக் கூப்பிடுங்க. விக் வச்சுக்கலாம், தூரத்து ஷாட்தானே" என்றார். என்னிடம், "அவர் அளவுக்கு ஒண்ணு தைங்க. உங்க விஷயத்த அப்புறம் பேசிக்கலாம்."

பஞ்சு வந்தார். நல்ல மனுஷன்தான். என் கையில் கிடந்த நீலத் துணியைத் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"இதப் போட்டுக்கிட்டா? இந்தப் படியிலயா? பேடு இல்லாம நான் விழ மாட்டேன் சார். எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

"சேச்சே, உங்கள யாரு அப்படி விழச் சொன்னா," என்றார் டைரக்டர். "முழுக்கால், முழுக்கை வச்சுத் தைக்கச் சொல்றேன். உள்ள எவ்வளவு வேணும்னாலும் பேடு வச்சுக்குங்க. அவ்வளவு தூரத்துல யாருக்குத் தெரியப் போகுது?"

வாலு சிரித்தாள். முதலில் மெதுவாக, அப்புறம் அடக்க முடியாமல். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் மூணு வாரம் கேட்டேன்," என்றாள். "அவர் ஒரே ஒரு தடவ கேட்டார்."

பஞ்சு அளவு கொடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் நின்றார். பழக்க தோஷம், நானும் டேப்பை அவர் இடுப்பில் சுற்றிவிட்டேன். எண் கண்ணில் பட்டது, மனதில் ஏறவில்லை. அவரும் என் முகத்தைப் பார்த்தார். தூக்கிய கையை மெதுவாகக் கீழே போட்டு ஒதுங்கி நின்றார்.

நான் டேப்பை உருவிக்கொண்டு போய் வாலுவின் இடுப்பில் சுற்றினேன்.

"என்ன பண்றீங்க?" என்றார் டைரக்டர்.

"அளவு எடுக்கறேன் சார். முழுக்கால், முழுக்கைன்னு நீங்கதானே சொன்னீங்க."